ஆடுகளத்தின் வாயில்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் லங்காஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஊர்தோறும் பஞ்சாலைகள் எழுந்தன. புகைபோக்கிகளின் கரும்புகை வானை மறைத்தது. விடியுமுன் எழுவதும், பொழுது சாயும்வரை பொறிகளோடு உழைப்பதும், களைத்து வீடு திரும்புவதுமாகத் தொழிலாளரின் வாழ்க்கை கழிந்தது. 1850ஆம் ஆண்டில் ஒரு தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. துணியாலைகளில் பெண்டிரும் இளையோரும் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யலாகாது என்று அது விதித்தது. அவர்கள் இன்றி ஆலை ஓடாது. ஆதலால் ஆடவர்க்கும் அவ்வோய்வு கிடைத்தது. நாளடைவில் பிற தொழில் புரிவோரும் அதனைப் பெற்றனர். சனிக்கிழமைப் பிற்பகலில் கிடைத்த அந்த ஓய்வே கால்பந்தாட்டத்தை வளர்த்த செவிலித்தாய் எனலாம்.

ஆயினும், அவ்வாட்டத்திற்குச் சீரான விதிகளை வகுத்தவர்கள் தொழிலாளர் அல்லர். 1863ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இலண்டன் மாநகர விடுதி ஒன்றில் சில கழகத்தார் கூடிக் கால்பந்தாட்டச் சங்கத்தை நிறுவினர். தொடக்க காலத்தில் அதனை நடத்தியவர்கள் பெரும்பாலும் உயர்தரப் பள்ளிகளில் பயின்ற செல்வர் வீட்டு மக்கள். 1872ஆம் ஆண்டில் அச்சங்கக் கோப்பையின் முதல் இறுதியாட்டம் இலண்டனில் ஓவல் திடலில் நடைபெற்றது. நுழைவுக் கட்டணம் 1 ஷில்லிங். காண வந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். பொழுதுபோக்காக ஆடுவதே பெருமை, பொருள் பெற்று ஆடுவது இழிவு என்பது அக்கால ஆட்டத் தலைவர்களின் கொள்கை. கொள்கை உயர்ந்ததுதான், ஆனால், அதனைக் கடைப்பிடிக்கக் கைந்நிறையப் பொருள் வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்தால் மறுநாள் அடுப்பெரியாத வீட்டில் பிறந்தவனுக்கு அஃது எட்டாக் கனியாகவே இருந்தது.

1883ஆம் ஆண்டில் இந்நிலை அசைந்தது. அவ்வாண்டுக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இரண்டு அணிகள் எதிர்நின்றன. ஒன்று, ஈட்டன் என்னும் புகழ்பெற்ற பள்ளியின் பழைய மாணவர் அணி. மற்றொன்று, லங்காஷயரைச் சேர்ந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி. இவ்வணியில் நெசவாளர் இருந்தனர், நூற்பவர் இருந்தார், குழாய்ப் பணி செய்பவரும் இருந்தார். இவர்கள் இறுதியாட்டத்திற்கு முன்னர்க் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கிப் பயிற்சி பெற்றனர். அதற்கான செலவை உள்ளூர் இரும்பாலை உரிமையாளர் ஒருவர் ஏற்றார். ஆட்டம் கூடுதல் நேரத்திற்கு நீண்டது. இறுதியில் 2-1 என்னும் கணக்கில் தொழிலாளர் அணி வென்றது. கோப்பை முதன்முறையாக வடநாட்டு ஆலை ஊர் ஒன்றிற்குச் சென்றது.

வடநாட்டுக் கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு மறைவாகக் கூலி கொடுக்கின்றன என்னும் குற்றச்சாட்டு அக்காலத்தில் பரவலாக எழுந்தது. 1884ஆம் ஆண்டில் பிரஸ்டன் நார்த் எண்ட் என்னும் கழகத்தின்மீது ஒரு முறையீடு வந்தபோது, அதனை நடத்திய வில்லியம் சடெல் என்பார் உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கழகம் கோப்பைப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. வடநாட்டுக் கழகங்கள் பல சினமுற்றுத் தனிச் சங்கம் காண முற்பட்டன. பிளவு நேரும் எனக் கண்ட சங்கத்தார் 1885ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இறங்கிவந்தனர். கூலி பெற்று ஆடுவதை விதியால் ஏற்றுக்கொண்டனர். பணம் நுழைந்ததனால் ஆட்டத்தின் தூய்மை கெட்டது என வருந்தியவர் உண்டு. ஆனால், ஆலைத் தொழிலாளியின் மகன் தன் கால்களின் திறமையைக் கொண்டு பிழைக்கும் வழி பிறந்தது அன்றுதான். பணம் அன்று வாயிலை அடைக்கவில்லை, திறந்து வைத்தது.

கூலி கொடுக்க வேண்டுமானால் நிலையான வருவாய் வேண்டும்; நிலையான வருவாய்க்கு நாள் குறித்த ஆட்டங்கள் வேண்டும். இதனை உணர்ந்தவர் பர்மிங்காம் நகரில் துணிக்கடை நடத்திய வில்லியம் மக்கிரிகர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த அவர் எடுத்த முயற்சியால் 1888ஆம் ஆண்டில் 12 கழகங்கள் கூடி ‘லீக்’ என்னும் கூட்டமைப்பை நிறுவின. இவற்றுள் ஒவ்வொன்றும் பிற எல்லாவற்றோடும் தன் ஊரில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. 1890ஆம் ஆண்டில் நுழைவுக் கட்டணம் ஆறு பென்ஸுக்குக் குறையலாகாது என லீக் விதித்தது. அக்கால ஆங்கில நாணயக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. எனவே, ஆறு பென்ஸ் என்பது ஒரு பவுண்டில் நாற்பதில் ஒரு பங்கு. மிகவும் வறியவர்க்கு இதுவும் எளிதன்று. எனினும், வேலையில் இருந்த தொழிலாளி தன் வாரக் கூலியிலிருந்து மனமுவந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய தொகையாக அஃது இருந்தது.

சனிக்கிழமைதோறும் மக்கள் ஆலை வாயிலிலிருந்து ஆடுகள வாயிலுக்கு நடந்தனர். படிப்படியாக உயர்ந்த மேடைகளில் தோளோடு தோள் உரச நின்று ஆட்டத்தைக் கண்டனர். சுழல் வாயிலில் தந்தை தனக்குக் கட்டணம் செலுத்துவார். உடன்வந்த சிறுவனை வாயிலுக்கு மேலாகத் தூக்கி உள்ளே விடுவார். காவலரும் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுவதுண்டு. அச்சிறுவன் வளர்ந்து தன் மகனை அவ்வாறே தூக்கிவிடுவான். இவ்வாறு ஒரு கழகத்தின்மீது கொண்ட பற்று, வீட்டுப் பெயரைப்போல வழிவழியாக வந்தது. 1923ஆம் ஆண்டில் இலண்டனில் புதிதாகக் கட்டப்பட்ட வெம்பிளி அரங்கில் கோப்பை இறுதியாட்டம் நடந்தபோது, கணக்கில் வந்தோர் மட்டும் 1,26,047 பேர். சுவரேறிக் குதித்தும் வாயிலை நெருக்கியும் புகுந்தோர் எண்ணிலர். ஆட்டத்தின்மீது மக்கள் கொண்ட காதலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கழகங்கள் அன்றும் பணம் ஈட்டின. ஆயினும், அப்பணத்திற்குச் சில கரைகள் இடப்பட்டிருந்தன. கழகத்தில் பங்கு வாங்கியவர் ஆண்டுதோறும் பெறும் ஆதாயத்திற்குச் சங்கம் வரம்பு விதித்தது. தொடக்கத்தில் அது நூற்றுக்கு 5 என இருந்தது. கழகத்தின் இயக்குநர்கள் தம் பணிக்கு ஊதியம் பெறுதல் கூடாது என்பதும் விதி. வாயிலில் திரண்ட பணத்தில் ஒரு பகுதியை, ஆட வந்த வெளியூர் அணிக்கும் பகிர்ந்து கொடுத்தனர். எதிர்த்து ஆட வலிய அணி ஒன்று இல்லையேல் ஆட்டமே இல்லையன்றோ? ஆதலின், சிற்றூர்க் கழகமும் வாழ வேண்டும் என்பது பெருநகர்க் கழகத்தின் நலமும் ஆயிற்று.

பழங்காலம் முற்றும் பொற்காலம் என்று கருதிவிடலாகாது. பார்ப்பவர்க்கு மலிவாக இருந்த ஆட்டம் ஆடுபவர்க்கு நேர்மையாக இல்லை. 1901ஆம் ஆண்டில் ஆட்டக்காரரின் கூலி வாரத்திற்கு 4 பவுண்டுக்கு மேற்படக் கூடாது என வரம்பு வந்தது. காலப்போக்கில் அவ்வரம்பு சிறிது சிறிதாக உயர்ந்ததேயன்றி நீங்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னரும் கழகம் இசைந்தாலன்றி ஆட்டக்காரர் வேறிடம் செல்ல இயலாது. பிரஸ்டன் கழகத்தில் ஆடிய டாம் ஃபின்னி, இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். அவர் ஆடிய காலத்திலேயே குழாய்ப் பணியையும் தொழிலாகச் செய்துவந்தார். 1952ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பலெர்மோ கழகம் 10,000 பவுண்டு கொடுத்து அவரை அழைத்தது. அவருடைய கழகம் இசையவில்லை. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். பல்லாயிரவர் அவரைக் காணப் பணம் கொடுத்தனர். அப்பணத்தில் அவர் கைக்கு வந்தது மிகச் சிறிது.

இம்முறைக்கு எதிராக ஆட்டக்காரர் சங்கம் போராடியது. சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் செய்யவும் அணியமானார். 1961ஆம் ஆண்டு சனவரியில், அப்போது 20 பவுண்டாக இருந்த கூலி வரம்பு நீங்கியது. அவ்வாண்டிலேயே ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹேன்ஸ் என்பார் வாரத்திற்கு 100 பவுண்டு பெறலானார். 1963ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்னும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரைக் கட்டிவைக்கும் முறை முறையற்றது என உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைத்தவன் தன் உழைப்பின் பயனைப் பெறுதல் அறமே ஆகும். எனவே, பணம் ஆட்டத்திற்குள் வந்ததே தீமை என்று கூறுவது பொருந்தாது. அப்பணம் யாரிடமிருந்து வருகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே ஆராயத்தக்கது.

1983ஆம் ஆண்டு கால்பந்தாட்டத்தின் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டில் மூன்று மாற்றங்கள் நேர்ந்தன. லீக் ஆட்டங்களை நடைபெறும்போதே தொலைக்காட்சியில் காட்ட ஒப்பந்தம் ஏற்பட்டது. இரண்டாண்டுகளுக்கு அதன் விலை 52 இலட்சம் பவுண்டு. லீக் ஆட்டங்களில் வாயிற் பணத்தை வெளியூர் அணியோடு பகிரும் முறை நின்றது. உள்ளூர்க் கழகமே முழுதும் வைத்துக்கொண்டது. இலண்டனைச் சேர்ந்த டாட்டன்ஹாம் கழகம் தன்மேல் ஒரு முதனிலை நிறுவனத்தை அமைத்துக்கொண்டு பங்குச் சந்தையில் இறங்கியது. ஆதாயத்திற்கு இடப்பட்டிருந்த பழைய கரை அந்நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவில்லை. பிற கழகங்களும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின. மூன்று மாற்றங்களும் ஒரே திசையை நோக்கின. பெரிய கழகம் மேலும் பெரிதாகலாம். சிறியது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அத்திசை.

பணம் பெருகத் தொடங்கியும் மக்கள் நின்ற மேடைகள் பழைய நிலையிலேயே கிடந்தன. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்ப்பூல் அணிக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கும் இடையே கோப்பையின் அரையிறுதி ஆட்டம் தொடங்கியது. கம்பி வேலியிட்ட மேடைப் பகுதியில் அளவிறந்த கூட்டம் உள்ளே விடப்பட்டது. முன்னே வேலி, பின்னே நெருக்கம். மூச்சடைத்தும் நசுங்கியும் உயிரிழந்தோர் 97 பேர். அவருள் சிறுவரும் பலர். பார்வையாளரின் ஒழுங்கின்மையே காரணம் என அன்று பழி சுமத்தினர். 2016ஆம் ஆண்டில் நடுவர் குழு அப்பழியை நீக்கியது. அவர்கள் குற்றமற்றவர்கள் எனவும், அம்மரணங்கள் சட்டத்திற்கு மாறான உயிரிழப்பே எனவும் கூறியது.

இத்துயரை ஆராய்ந்த நீதிபதி டெய்லர் 1990ஆம் ஆண்டில் தம் அறிக்கையை வெளியிட்டார். பெரிய அரங்குகளில் நிற்கும் மேடைகளை நீக்கி எல்லார்க்கும் இருக்கை அமைக்க வேண்டும் என்றார். இருக்கை வந்தால் கட்டணம் எளியவர்க்கு எட்டாததாகிவிடுமே என்னும் அச்சத்தையும் அவர் கருதிப் பார்த்தார். அவ்வாறு ஆக வேண்டியதில்லை என்பதற்குக் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கை எடுத்துக்காட்டினார். அங்கே அப்போது இருக்கைக்குக் கட்டணம் 6 பவுண்டு. அரங்குகள் புதுப்பிக்கப்பட்டன, பொதுப் பணமும் அதற்கு உதவிற்று. பாதுகாப்புப் பற்றிய அவருடைய அறிவுரையைக் கழகங்கள் நிறைவேற்றின. கட்டணம் பற்றிய அறிவுரையோ காற்றில் போயிற்று.

1992ஆம் ஆண்டில் முதற்பிரிவைச் சேர்ந்த 22 கழகங்கள் பழைய லீக்கிலிருந்து பிரிந்து ‘பிரீமியர் லீக்’ என்னும் புதிய அமைப்பைக் கண்டன. ஸ்கை என்னும் கட்டணத் தொலைக்காட்சியை முதன்மையாகக் கொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 304 மில்லியன் பவுண்டு அளவினது என அறிவிக்கப்பட்டது; மில்லியன் என்பது பத்து இலட்சம். 2016 முதல் 2019 வரையிலான மூன்றாண்டுகளுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 5,136 மில்லியன் பவுண்டுக்கு விலைபோயிற்று. அரங்குகள் அழகு பெற்றன. உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் அங்கே வந்து குவிந்தனர். ஆட்டத்தின் தரமும் உயர்ந்தது. இவை மறுக்க முடியாத நன்மைகள்.

ஆனால், வாயிலில் நிகழ்ந்தது வேறு. 1989-90ஆம் ஆண்டுப் பருவத்தில் லிவர்ப்பூல் அரங்கில் மிகக் குறைந்த கட்டணம் 4 பவுண்டு. 2011ஆம் ஆண்டில் அஃது ஏறத்தாழ 45 பவுண்டு ஆயிற்று. நாணயத்தின் மதிப்புக் குறைந்தமையே காரணம் எனலாமோ? இவ்விடைக்காலத்தில் அந்நாட்டில் பொதுவான விலைவாசி இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. அவ்வளவில் கணக்கிட்டால் 4 பவுண்டு 8 பவுண்டாகவேனும் உயர்ந்திருக்கலாம். அது பதினொரு மடங்காக உயர்ந்தது. தந்தையும் இரு மக்களும் சேர்ந்து செல்வது ஒரு குடும்பத்தின் வாரச் செலவையே அசைக்கும் நிலை வந்தது. பலர் இல்லத்தில் அமர்ந்து தொலைக்காட்சியில் கண்டனர். அதற்கும் திங்கள்தோறும் கட்டணம் உண்டு.

கழகத்தார் கூறும் விடையையும் கேட்டல் முறையாகும். ‘சிறந்த ஆட்டக்காரர்க்குப் பெருந்தொகை தர வேண்டியுள்ளது, விலை உயர்ந்தும் இருக்கைகள் நிரம்புகின்றன, வாங்குவோர் வரிசையில் காத்து நிற்கின்றனர், அவ்வாறிருக்க விலையைக் குறைப்பது எதற்கு?’ என்பது அவர்தம் வாதம். சந்தைப் பொருளுக்கு இவ்வாதம் பொருந்தும். ஒரு கடையில் அரிசி விலை மிகுந்தால் வாங்குபவன் அடுத்த கடைக்குச் செல்வான். லிவர்ப்பூல் அணியை மூன்று தலைமுறையாக நேசித்த குடும்பத்தினன், சீட்டு விலை மிகுந்தது என்பதற்காக அண்டை ஊர் அணியை நேசிக்க இயலுமோ? அவனுக்கு வேறு கடை இல்லை. அன்பினால் அவன் கட்டுண்டிருக்கிறான். அக்கட்டையே விலையேற்றத்திற்குக் கருவியாகக் கொள்வது வாணிகத்தில் வெற்றியாகலாம், அறமாகாது.

2013ஆம் ஆண்டு சனவரியில் இதற்கு ஓர் அறிகுறி தோன்றியது. இலண்டனில் ஆர்சனல் அணியோடு நடந்த ஆட்டத்திற்கு, மான்செஸ்டர் சிட்டி அணியின் அன்பர்கள் 62 பவுண்டு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அவர்களுக்கென ஒதுக்கிய சீட்டுகளுள் 912 விலைபோகாமல் திரும்பின. வெளியூர் அன்பர்க்கு 20 பவுண்டே போதும் என்னும் இயக்கமும் அக்காலத்தில் எழுந்தது.

மூன்றாண்டுகள் கழிந்தன. லிவர்ப்பூல் கழகம் புதிய மேடைக் கட்டடம் ஒன்றை எழுப்பி, அடுத்த பருவத்தில் மிக உயர்ந்த சீட்டின் விலை 77 பவுண்டு என அறிவித்தது. பழைய ஆறு பென்ஸ் நாணயமாக அதனை எண்ணினால் 3,080 நாணயங்கள் வேண்டும். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் சண்டர்லாந்து அணியோடு ஆட்டம் நடந்தது. லிவர்ப்பூல் 2-0 என முன்னணியில் இருந்தது. ஆட்டத்தின் 77ஆவது நிமிடம் வந்தது. இருக்கைகளிலிருந்து மக்கள் எழுந்தனர். வாயிலை நோக்கி நடந்தனர். ஏறத்தாழ 10,000 பேர் வெளியேறினர் என்பர். கல்லெறியவில்லை, கலகம் செய்யவில்லை. தம் உயிரனைய அணி வென்றுகொண்டிருக்கும்போது அதனை விட்டு நடந்தனர். எஞ்சிய நேரத்தில் சண்டர்லாந்து அணி இரண்டு முறை பந்தை வலைக்குள் செலுத்தியது. ஆட்டம் 2-2 எனச் சமனாக முடிந்தது.

நான்கு நாட்களுக்குள் கழகத்தின் உரிமையாளர்கள் வருத்தம் தெரிவித்தனர். 77 பவுண்டு என்னும் திட்டம் கைவிடப்பட்டது; உயர்ந்த விலை 59 பவுண்டு அளவிலேயே இரண்டு பருவங்களுக்கு நிறுத்தப்பட்டது. அடுத்த திங்களில் பிரீமியர் லீக்கைச் சேர்ந்த கழகங்கள் அனைத்தும் கூடி, வெளியூர் அன்பர்க்கான சீட்டு 30 பவுண்டுக்கு மேற்படலாகாது என முடிவு செய்தன. ஒளிபரப்பினால் வரும் பெருவெள்ளத்தின் முன்னே இக்குறைப்பு ஒரு சிறு துளியே. எனினும், கேட்டால் கிடைக்கும் என்பதை மக்கள் அறிந்தனர்.

அரங்கில் இருப்பவர் வெறும் நுகர்வோர் அல்லர், ஆட்டத்தின் ஒரு பகுதியே என்னும் உண்மை 2020ஆம் ஆண்டில் எல்லார்க்கும் புலனாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றினால் அவ்வாண்டு சூன் திங்களில் ஆளில்லா அரங்குகளில் ஆட்டங்கள் நடைபெற்றன. பந்தை உதைக்கும் ஒலியும் ஆட்டக்காரரின் கூவலும் மட்டுமே கேட்டன. தொலைக்காட்சியினர் முன்பு பதிவு செய்யப்பட்ட ஆரவாரத்தை ஒளிபரப்பில் சேர்த்தளித்தனர். கோடிக்கணக்கில் பணம் கொடுத்து அவர்கள் வாங்கியது ஆட்டத்தை மட்டும் அன்று. அதனைச் சூழ்ந்து நின்ற மக்களின் குரலையும் அன்றோ? அக்குரலுக்கு உரியவர், அதனைக் கொடுப்பதற்குத் தாமே பணமும் கொடுத்து வந்தனர்.

இதற்கு வேறு வழியே இல்லையா? செருமானிய நாட்டில் 1998ஆம் ஆண்டு முதல் ஒரு விதி உள்ளது. சில விலக்குகள் நீங்கலாகக் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்டது அதன் உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்பது அவ்விதி. டார்ட்முண்டு நகர அரங்கின் தென்புறத்தில் ஏறத்தாழ 25,000 பேர் நின்று காணும் மேடை இன்றும் உண்டு. இங்கிலாந்திலும் மக்கள் வாளாவிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் கடன்சுமையோடு புதிய உரிமையாளர் கைக்கு மாறியபோது, அதனைப் பொறாத அன்பர் சிலர் தமக்கெனத் தனிக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். அதில் எவ்வளவு பணம் கொடுத்தவராயினும் ஒருவர்க்கு ஒரே வாக்கு. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெருங்கழகங்கள் தமக்குள் ஒரு தனி லீக் அமைப்பதாக அறிவித்தன. தொடங்கிய கழகங்களுக்கு அதிலிருந்து நீக்கம் என்பதே இல்லை. அன்பர்கள் தெருவில் இறங்கினர். அவற்றுள் ஆங்கிலக் கழகங்கள் ஆறும் இரண்டு நாளில் விலகின. கழகங்களின் நிதிநிலையைக் கண்காணிக்கவும் அன்பர்தம் நலனைக் காக்கவும் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தும் சட்டம் 2025ஆம் ஆண்டு சூலையில் அந்நாட்டில் நிறைவேறியது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? 1885ஆம் ஆண்டில் வந்த பணம் ஏழைத் தொழிலாளியை ஆடுகளத்திற்குள் அழைத்து வந்தது. 1961ஆம் ஆண்டில் வந்த பணம் அவன் வியர்வைக்கு விலை தந்தது. பின்னாளில் பெருகிய பணமோ அவன் மக்களையும் பேரரையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தத் தொடங்கியது. பணம் ஒன்றே, அதனைச் செலுத்தும் வழியே வேறு. ஒளிபரப்பினால் வரும் செல்வம் மிகுந்த காலத்தில் வாயிற் கட்டணம் குறைந்திருக்கலாம். குறைக்க இயலாமையால் அன்று, குறைக்க வேண்டும் என்னும் எண்ணம் இன்மையாலேயே அது குறையவில்லை.

ஆறு பென்ஸ் கொடுத்து உள்ளே சென்ற தொழிலாளி வெறும் ஆட்டத்தை மட்டும் கண்டு திரும்பவில்லை. தன் ஊரின் பெயரைப் பல்லாயிரவரோடு சேர்ந்து கூவினான்; அயலானைத் தோழனாகக் கொண்டான்; தன் மகனைச் சுழல் வாயிலுக்கு மேலாகத் தூக்கிவிட்டபோது தன் பற்றையும் அவன் கையில் கொடுத்தான். கழகங்களின் செல்வமெல்லாம் அப்பற்றின்மேல் எழுந்த மாளிகையே ஆகும். இன்றைய அரங்குகளில் இருக்கைகள் நிரம்பியே இருக்கலாம். ஆயினும், வாயிலில் தூக்கிவிடப்படாத அச்சிறுவன் நாளை எந்தக் கழகத்தைத் தன் கழகம் என்பான்? செல்வத்தில் திளைப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இதுவே.